பாட்டுப் போட்ட வீடியோ

வீடியோவுக்குப் பாட்டுப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியைத் தூக்கி வேறு ஆள்மேல் போட எனக்கு வழியே இல்லை.

அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்குள் தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம். பெட்டி என் கணவர் பொறுப்பு. குப்பியில் அடைப்பது, விற்பது, போனில் வீடியோ போடுவது எல்லாம் நான். வீடியோ பார்த்துத்தான் சென்னை, கோவை என்று வெளியூர்க்காரர்கள் தேன் கேட்டார்கள். களியக்காவிளைக் கடைக்காரர் ஒருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் குப்பிகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

அந்த ஆடியில் மழை விட்ட ஒரு காலை. அவர் பெட்டியைத் திறந்து, சிரட்டையில் சீனித்தண்ணீர் ஊற்றி வைத்தார். தேனீ முங்கிச் சாகாமல் இருக்க தென்னை ஈர்க்குச்சியை ஒடித்து மேலே மிதக்க விட்டார். மழைக்காலத்தில் பூ கிடையாது, ரப்பர்த் தளிரில் ஊறும் தேனும் கிடையாது. அதுகளுக்கு இதுதான் கஞ்சி. எங்கள் பக்கத்தில் பெட்டி வைத்த எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். மொய்த்துக்கொண்டு குடிப்பதைப் பார்க்க அத்தனை அழகாக இருந்தது, எடுத்தேன். வைத்துக்கொண்டே அவர் விளக்கமும் சொன்னார், பாதி மலையாளமாக, ராகம் போட்டு. மெட்ராஸ்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலைப் போட்டேன்.

மூன்றாம் நாள், யாரோ ஒருவன் எங்கள் வீடியோவை எடுத்துத் தன் குரலைச் சேர்த்துவிட்டான். "பாருங்க மக்களே, சீனித்தண்ணி ஊத்தித் தேன்னு விக்கிறாங்க. எவ்வளவு தைரியமா வீடியோ வேற போடுறாங்க!"

சுத்தமான தமிழ், கணீரென்ற குரல். கேட்டால் எனக்கே நம்பத் தோன்றியது. போன் அடங்கவில்லை. திருடி என்றார்கள். குழந்தைக்குக் கொடுத்தோமே, பாவி என்று எழுதினாள் ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் கடைக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, குப்பிய வந்து எடுத்துட்டுப் போயிரு. கடைக்கு வாற ஆளெல்லாம் போனத் தூக்கிக் காட்டுகான். நான் என்னத்தச் சொல்ல?"

"அண்ணாச்சி, நாளைக்கு வரைக்கும் பொறுங்க" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியாது. அந்தக் கடையும் போனால் மாசியில் எடுக்கப் போகிற தேனை யாரிடம் கொண்டு கொடுப்பது?

அப்போதுதான் பெட்டி பக்கத்தில் என் கணவர் பேசியது நினைவுக்கு வந்தது. முதலில் எடுத்த வீடியோவைத் தேடினேன். காணோம். இடம் போதவில்லை என்று நானே அழித்திருந்தேன். கடைசியில், அழித்தவை கிடக்கும் பகுதியில் அகப்பட்டது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போட்டுக் கேட்டேன்.

"இது மழைக்காலம் மக்கா. பூவில்ல, ரப்பர்ல தளிரில்ல, இதுகளுக்குப் பட்டினி. அதாக்கும் சீனித்தண்ணி. இந்த நேரம் ஒரு சொட்டுத் தேன் நாங்க எடுக்கமாட்டோம். மாசியில தளிர் வரட்டு, சீனிய நிறுத்திட்டுத்தான் எடுப்போம்."

அவ்வளவுதான். ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அதில் இருந்தது.

அவர் போனையே பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே சொல்லியிருக்கேன். பின்ன ஏன் எடுத்துக் களஞ்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "உங்க பேச்சக் கேட்டு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்கண்ணு..."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். திட்டவில்லை. "போடு, போடு. எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் பெட்டிப் பக்கம் போனார். அவர் முதுகைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வார்த்தை வெட்டாமல் போட்டேன். சாயங்காலம் வரை போனைக் கையில் எடுக்கப் பயம். கடைக்காரர்தான் முதலில் கூப்பிட்டார். "ஆளு பேசினதக் கேட்டேன். வாறவனுக்கெல்லாம் அதத்தான் போட்டுக் காட்டுகேன். குப்பி இங்கனயே இருக்கட்டு." பாவி என்று எழுதியவள் மன்னிப்புக் கேட்டிருந்தாள். அண்ணன் பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது, இன்னும் போடுங்கள் என்று கீழே சேர்த்திருந்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர் பேச்சுக்குக் கூச்சப்பட்ட ஆள் நான் ஒருத்திதான்.

மாசி வந்தது. ரப்பர் தளிர்த்து, பெட்டியில் தேன் கட்டியது. முதல் அடையை அவர் வெளியே எடுக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்தேன். தேனீக்கள் கையில் ஊர, அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, நான் பேசணுமா? இல்ல, நீ பாட்டுப் போட்டுக்கிடுவியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இப்போதும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.