நிற்கக் கூடாத எஞ்சின்

மலாக்காவில் குளிர் லோரி ஓட்டுகிறேன். என் சீட்டுக்குப் பின்னால், டிரெய்லரின் நெற்றியில், குளிரூட்டும் எஞ்சின் தனியாக உறுமிக்கொண்டிருக்கும். வண்டி நின்றாலும் அது நிற்கக் கூடாது.

என் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்குக் காலை, எனக்கு மதியம். அப்போதுதான் பேச முடியும். அன்று உம்பாய் கடலோரத்தில் உறைந்த மீன் ஏற்றி, பத்து பெரண்டாம் என்ற ஊரின் கிடங்கு வாசலில் வரிசையில் நின்றிருந்தேன். இரண்டு வாரமாகப் பேசாத மகளிடமிருந்து ஃபோன் வந்தது.

"அப்பா, நீங்க பேசுறது ஒன்னுமே கேக்கல!"

பத்து நிமிடம்தானே என்று எஞ்சினை நிறுத்தினேன். எத்தனை தெளிவான குரல்! அவள் வைத்த பிறகும் அந்தக் குரலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கிடங்கில் கூப்பிட்டபோதுதான் லோரியின் அமைதி எனக்கு உறைத்தது.

கிடங்குக்காரர் பெட்டிக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்தார்.

"மீனு இளகிப் போச்சு லா, அண்ணே. எறக்க முடியாது."

அத்தனையும் வீண். முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன், நன்றாக ஏசினார். அடுத்த முறை பேசியபோது மகளிடமும் சொன்னேன்.

"அன்னிக்கு எஞ்சின் சத்தம் இல்லாம நீங்க யாரோ மாதிரி இருந்தீங்கப்பா. ஸ்கூல் லீவுல உங்ககூட வரும்போது அந்தச் சத்தத்துலதான தூங்குவேன்? இனிமே நிறுத்தாதீங்க."

இப்போதெல்லாம் அவள் பேச்சில் பாதி எனக்குக் கேட்பதில்லை. வைப்பதற்கு முன் ஃபோனை ஜன்னல் வழியே எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடிக்கிறேன். அவள் போதும் என்று சொல்வதே இல்லை.