உப்பில்லாத எர்த் குழி

மலைமேல் ஊர்களின் தொகுப்பை 'நாடு' என்பார்கள்; அப்படியொரு அரியூர் நாட்டில் ராமாயிக்குக் கோபக்காரி என்று பேர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். மோட்டார் பழுதானால் ஊரே அவளைத்தான் கூப்பிடும். ஆனால் போன சித்திரையில் அவளுக்கு வந்த கோபம் வேறு மாதிரி.

ஊர்த் தண்ணீர் மோட்டாரைப் புதிதாகப் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. சுவிட்சைப் போடப் போன பக்கத்து வீட்டுப் பொன்னாயியை சுவிட்ச் இருந்த இரும்புப் பெட்டி கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பிவிட்டது, வலது கை விரல்கள்தான் மடங்கவே இல்லை.

வேலை எடுத்த காண்ட்ராக்டர் யுவராஜ் மறுநாள் ஜீப்பில் வந்தான். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தானுங்க," என்றான்.

ராமாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடப்பாரையை எடுத்து, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழியைத் தோண்டினாள். கம்பியைச் சுற்றி வெறும் செங்களிமண். அதோடு போட வேண்டிய கரியும் இல்லை, உப்பும் இல்லை.

"களிமண்ணே கரண்டை இழுத்துக்குமுங்க. உப்பு எதுக்கு?" என்றான் யுவராஜ்.

"இழுக்குதான்னு பார்க்கலாம்." அவள் பேச்சில் 'ங்க' காணாமல் போயிருந்தது.

அதே மண்ணை இரண்டு டப்பாவில் போட்டாள். ஒன்றில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். மற்றதில் உப்புத் தண்ணீர். கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் மீட்டரின் கம்பிகளை இரண்டிலும் மாற்றி மாற்றிக் குத்தினாள். முதல் டப்பாவில் முள் லேசாக அசைந்து நின்றது. அடுத்ததில் ஓரம் வரைக்கும் தாவியது. கூடியிருந்தவர்கள் யுவராஜைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மலை மழையில மண்ணுல இருக்கற உப்பெல்லாம் கரைஞ்சு போயிரும். வெறும் களிமண்ணு கரண்டைச் சரியாக் கடத்தாது. பெட்டியில கசிஞ்ச கரண்டு மண்ணுல எறங்க முடியாம, பொன்னாயி அத்தை கை வழியா எறங்கிருச்சு. உப்புல காசு மிச்சம் புடிச்சியா நீ?"

"சரிங்க, இந்தக் குழியை இப்பவே சரி பண்ணிடறேன்."

"இது மட்டும் போதுமா? இந்த மலையில நீ போட்டது ஏழு மோட்டார். ஏழையும் தோண்டு!"

அவன் நழுவிவிடாதபடி ஜீப்பைச் சுற்றி ஊர் நின்றது. மூன்று நாள், ஒவ்வொரு குழியாக, உப்பும் கரியும் அடுக்கும் வரை ராமாயி பக்கத்திலேயே நின்றாள். குண்டனி நாட்டுக் குழியில் மீட்டர் முள் போதுமான அளவு ஏறவில்லை. மறுபடி தோண்டச் சொன்னாள்.

கடைசியில் யுவராஜ் பொன்னாயி வீட்டு வாசலில் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். இடது கையால் கேழ்வரகுக் களியைப் பிய்த்துக்கொண்டிருந்த பொன்னாயி, "போயிட்டு வா சாமி," என்றாள்.

"அவனுக்கெல்லாம் எதுக்கு அத்தை சாமி?" என்று கத்திய ராமாயி, அந்த வேகத்திலேயே அவன்மேல் எழுதிய புகார் மனுவோடு பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தாள்.