மஞ்சளில் முக்கியெடுத்த பதினாலு சட்டைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் எங்கள் ஃபுட்பால் கிளப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, கிளப் ஹிஸ்டரி எழுதுறோம். ஆரம்பத்துல என்ன நடந்துச்சுன்னு தமிழ்லயே எழுதிக் குடுங்க, நான் டிரான்ஸ்லேட் பண்ணிக்கறேன்" என்றாள். நான் பந்தைக் காலால் தொட்டதுகூட இல்லையே அம்மா என்றேன். "பரவால்ல ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள். நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. சரி, குழம்பையாவது கூட்டுவோம் என்று மஞ்சள் தூள் டப்பாவைத் திறந்தேன். எல்லாம் வந்துவிட்டது.

நான் டெக்சாஸுக்கு வந்தது வீட்டுக்காரர் தவறிய பிறகு. மகன் செந்திலுக்கு ரிச்சர்ட்சனில் வேலை, ஆலனில் வீடு. அப்பா காரியத்துக்கு அவனால் வர முடியவில்லை. கிரீன் கார்டு பேப்பர் பாதியில் நின்றது, போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று இருந்தது. கொழுந்தனார் மகன்தான் கொள்ளி வைத்தான். செந்தில் அதைப் போனில் பார்த்தான். அதிலிருந்து அவனுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. நான் வந்த பிறகும் என்னை நேராகப் பார்க்க மாட்டான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதை எப்படி எடுத்துச் சொல்வது? எனக்கும் வாய் கிடையாது. மருமகள் கவிதா மட்டும் எங்கள் நடுவில் ரேடியோ மாதிரி பேசிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தாடிவிட்டு வரும்போதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும். "இன்னைக்கு நல்லா ஓடுனேம்மா" என்பான். வாரத்துக்கு எனக்கு அந்த ஒரு பேச்சுதான்.

கிளப்பை ஆரம்பித்தவர் டெரிக். செந்திலோடு வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர். அவர் சொந்த ஊரில் ஒரு சின்ன கிளப்பாம். பெரிய லீக் எதிலும் கிடையாது, டிவியில் வராது. கறிக்கடைக்காரரும் தபால்காரரும் ஆடுவார்களாம், அவர் அப்பா மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவாராம். அதைப்போல இங்கேயும் ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாலு தமிழ்ப் பிள்ளைகள், மூன்று மெக்சிகோப் பிள்ளைகள், மிச்சம் கிடைத்தவர்கள். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த புல்தரைதான் மைதானம்.

முதல் வருஷமே சோதனை. ஒரு மேட்ச்சுக்கு ஆள் சேரவில்லை. இன்னொன்றுக்கு ஆளுக்கு ஒரு கலரில் போய் நின்றார்கள், ரெஃப்ரி ஆட விடவில்லை. மூன்றாவதும் இப்படி ஆனால் லீக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். டெரிக் ஊர் கிளப் மாதிரியே வெள்ளை வெளேரென்று பதினாலு பருத்திச் சட்டை வாங்கினார். சனிக்கிழமை செந்தில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

புதுத் துணியை மஞ்சள் வைக்காமல் போடலாமா? எங்கள் பழனிப் பக்கம் ஒரு துண்டு வாங்கினால்கூட ஓரத்தில் வைப்போம். யாரையும் கேட்காமல் காலருக்கு உள்ளே ஒவ்வொரு பொட்டு வைத்தேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமா, பதினாலுக்கும்தான். எல்லாம் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே.

விடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மற்ற பிள்ளைகள் அழுக்கு என்று நினைத்தால்? எல்லாவற்றையும் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும். எத்தனை ஆரத்தி கரைத்த கை, அது மறந்துபோயிற்று பாருங்கள். வெளியே எடுத்தால் ஒவ்வொரு சட்டையும் வெட்டுக்குத்துக் கேஸ் மாதிரி இருந்தது. மேட்ச் பத்து மணிக்கு.

அப்புறம்தான் தோன்றியது: மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் வேட்டி, சேலை எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில்தானே முக்குவோம்? வீட்டில் இருந்த மஞ்சள் தூளை எல்லாம் பாத்டப்பில் கொட்டிக் கரைத்தேன்.

"அத்தை! என்ன இது? வீட்டை வித்தாலும் இந்தக் கறை போகாது!" என்று கவிதா கத்தினாள். கத்திக்கொண்டே தன் சட்டைக் கையை மடித்துவிட்டாள். "தள்ளுங்க. இந்தச் சட்டைக் கையில மஞ்சள் பிடிக்கவே இல்ல, இன்னொருக்கா முக்குங்க."

செந்தில் பாத்ரூம் வாசலில் வந்து நின்றான். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்றேன். ஈரத்தோடு அள்ளி டிரையரில் போட்டான்.

காரில் அந்தப் பையை என் மடியில் வைத்திருந்தேன். சூடாக இருந்தது, வாசனை காரெல்லாம் நிறைந்தது. அவன் ஃப்ரீவேயில் ஏறாமல் ஓரமாக நிறுத்திவிட்டான்.

"அப்பா வேட்டி வாசனைம்மா."

"ஆமாப்பா. வருஷா வருஷம் காப்புக் கட்டுவாருல்ல."

"என்னால வர முடியலம்மா."

"தெரியும்ப்பா. அப்பாவுக்கும் தெரியும்."

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்புறம் நானே, "நேரமாச்சு, ஆளு கம்மின்னு பேரை அடிச்சுருவாங்க, எடு வண்டிய" என்றேன்.

மைதானத்தில் நான் காரைவிட்டு இறங்கவில்லை, வெட்கம். டெரிக் சட்டையை விரித்துப் பார்த்து ஏதோ சொன்னார். செந்தில் ஓடிவந்து, "அவங்க ஊர்ல சேத்துல புரண்டு வெள்ளையே தெரியாதாம்மா, இது எவ்வளவோ மேலுங்கறாரு" என்றான். ரெஃப்ரி மோந்து பார்த்தார். எல்லாம் ஒரே கலர், ஆடுங்கள் என்றுவிட்டார்.

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனால் ஆடித் தோற்றோம், பெயர் நின்றது. வியர்வையில் எல்லார் கழுத்தும் மஞ்சளாகி, டெரிக் வீட்டம்மா அவருக்கு மஞ்சள் காமாலை என்று பயந்துபோனார்களாம்.

இப்போது அந்தச் சர்ச்சுப் புல்தரை இல்லை, அபார்ட்மென்ட் நிற்கிறது. டெரிக் தன் ஊருக்கே திரும்பிவிட்டார். அந்த பாத்டப்பையும் போன வருஷம் பெயர்த்து எடுத்தாயிற்று. இப்போதைய சட்டைத் துணியில் மஞ்சள் ஒட்டாது, கம்பெனியிலேயே மஞ்சளாக அடித்து வருகிறது. கிளப் மட்டும் அஞ்சு டீமாகிவிட்டது. அதில் இரண்டு, பொம்பளைப் பிள்ளைகள் டீம், ஒன்றுக்குச் செந்தில்தான் கோச்.

சட்டை பதினாலா பதினைந்தா, தோற்றது நாலுக்கு ஒன்றா அஞ்சுக்கு ஒன்றா, யாராவது தெரிந்தவர்கள் சரிபார்த்துப் போடுங்கள். அந்த ஒரு கோலை அடித்தது யார் என்றும் விசாரியுங்கள், நான் காரில் தலையைக் குனிந்திருந்தேன். செந்திலை மட்டும் கேட்காதீர்கள். நான்தான் அடித்தேன் என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்கு நிறுத்த மாட்டான்.