நைட்டுக்காரர் வீட்டுச் சத்தம்

அந்தத் தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நைட்டுக்காரர் என்றால்தான் தெரியும். மற்றவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் நடப்பார். மற்றவர்கள் பல் துலக்கும் நேரத்தில் கண் சிவக்கத் திரும்பி வருவார். பகலில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் ஒரு மத்தியானம் அவரை மாடிப்படியில் பார்த்துவிட்டு, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று மறித்துக் கேட்டிருக்கிறார். மனுஷர் கோபப்படவில்லை. தன் வீட்டுக் கதவைக் கையால் காட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. நாள் முழுக்க எத்தனையோ பேர் படுத்துப் புரண்ட விரிப்புகள் சாயங்காலம் மூட்டை மூட்டையாக இறங்கும். விடிவதற்குள் அத்தனையும் வெளுத்து, காய்ந்து, மடிந்து மேலே போக வேண்டும். ஆள் உயரத்துக்கு டிரம்கள் உருளும். பிழியும் மெஷின் வேகம் பிடித்தால் தரையே கிடுகிடுக்கும். கடைசியில் ஆவியில் கொதிக்கும் நீள உருளை. இந்தப் பக்கம் இவர் ஈர விரிப்பைப் பிடித்துச் செருகுவார். அந்தப் பக்கம் நெட்டை என்று பேர் வாங்கிய கூட்டாளி, சுடச்சுட வெளியே வருவதை இழுத்துக்கொள்வார். விரிப்புகளுக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடி வரும், பொம்மை வரும், ஒரு தடவை பல்செட்டே சிரித்துக்கொண்டு வந்தது. அந்த இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் பேசுகிறவர் காதிலேயே விழாது. "பிடி!", "விடு!", "டீ வந்தாச்சு!" எல்லாம் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தித்தான் ஆக வேண்டும். நைட்டுக்காரர் தன் ஆயுசில் பேசிய பேச்செல்லாம் அங்கே கத்தித் தீர்த்ததுதான்.

வீட்டிலோ கதை நேர்மாறு. அவர் தூங்குவது பகலில். ஆகவே அந்த வீட்டில் பகல் முழுக்க யாரும் வாய்விட்டுப் பேசியது கிடையாது. அழைப்பு மணியின் ஒயரை என்றைக்கோ அறுத்தாகிவிட்டது. காஸ் கொண்டுவருகிறவர் கூட ஒற்றை விரலால் கதவைச் சுரண்டுவார். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்றால் அவர் மனைவி ஈரத்துணியோடு அதன் பக்கத்திலேயே காவல் நிற்பார். இரண்டு பெண்களில் பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது அழ ஆரம்பித்தால், அழுது முடிக்கப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். சின்னவள் தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடுவாள். புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாமலா இருக்கும்? அதுவும் உண்டு, ஆனால் காதோடு காதாக நடக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கொஞ்சிக் குலாவுகிறார்கள் என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கலாம்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தச் செய்தியும் சொல்லப்பட்டது. துணி துவைக்கும் வேலையை ஆஸ்பத்திரி வெளியாளுக்குக் கொடுத்துவிட்டது. சூப்பர்வைசர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து நன்றி சொல்லி, ஆளுக்கொரு புதுப் போர்வை கொடுத்தார். வாழ்நாள் முழுக்கப் போர்வை துவைத்தவனுக்குப் போர்வை கொடுக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வழக்கம்போல விடிகாலையில் வீடு வந்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி அடுப்படியில் நின்றார்.

"வேலை இல்லன்னுட்டாங்க," என்றார், தண்ணீர் குடித்துவிட்டு.

"எப்பத்துலேர்ந்து?"

"இப்பத்துலேர்ந்து."

மனைவி காலி டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு, "சரி, போய்ப் படுங்க. பாத்துக்கலாம்," என்றார். எல்லாம் கிசுகிசுப்பில்தான். அவரும் போய்ப் படுத்தார்.

வேறு என்ன செய்வார்? பகலில் படுப்பதைத் தவிர அந்த வீட்டில் அவருக்கு வேறு வேலை தெரியாது. அடுத்த நாளும் படுத்தார், அதற்கடுத்த நாளும். தூக்கம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அழுதால் தேவலாம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி, எங்கே தொட்டாலும் ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணைத் திறந்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவுக்கு வெளியே மூன்று ஜோடிக் கால்கள் பூனை நடை நடந்துகொண்டிருக்கும். எழுந்து வெளியே போகலாம்தான். போய் என்ன சொல்வது, எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

நெட்டை ஒருநாள் போன் செய்தார்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

"என்னது? கேக்கலண்ணே."

"இருக்கேன்னேன்."

"அண்ணே, கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன்! அங்க அந்தக் கத்து கத்துவீங்க!"

இவர் கதவைப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் கத்தத் தெரியவில்லை அவருக்கு. அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இனி அந்தத் தையல் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனைவி கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பார். மிதிக்கிற மெஷின், பழையது. ஓட ஆரம்பித்தால் தடதடவென்று வீட்டைத் தூக்கிவிடும். ஆகவே கால்களுக்கு அடியில் பழைய கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். அப்படியும் பகலில் அதைத் தொட்டதில்லை. நைட்டுக்காரர் படி இறங்கிய பிறகுதான் உறையைக் கழற்றுவார். இப்போது சம்பளம் நின்றாகிவிட்டது. வீடு ஓட வேண்டுமானால் அந்த மெஷின்தான் ஓட வேண்டும், அதுவும் பகலெல்லாம். இது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். மனைவி அந்தப் புதுப் போர்வையையும் மடித்துப் பழைய கம்பளிக்கு மேல் வைத்துப் பார்த்தார். மெஷின் மெத்தையில் ஏறிய மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு மிதி மிதித்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. உறையை மாட்டிவிட்டார்.

கடைக்காரம்மா ஒரு நாள் காலையில் நேரில் வந்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, கொஞ்சநஞ்ச வேலை இல்லை, நீயே மொத்தமும் எடுத்துக்கொள் என்றார்.

"இல்லக்கா, பகல்ல தைக்க முடியாது. அவர் தூங்குறார்."

"அவருக்குத்தான் வேலை போயிடுச்சுன்னாங்களே?"

"ஆமாக்கா. இருந்தாலும் தூங்குறாரில்ல. நீங்க வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்குக் காலைல வரைக்கும் பாக்குறேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

நைட்டுக்காரர் இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார், கண்ணைத் திறந்துகொண்டு, கட்டிலில் மல்லாந்தபடி. எழுந்து போய் "நான் தூங்கல" என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், பிறகு தான் என்னவென்று ஒரு கேள்வி வருமே! தூங்குகிறவனாக இருக்கும்வரை அவர் இன்னும் நைட்டுக்காரர்தான். அப்படியே கிடந்தார். தன் மேலேயே ஒரு வெறுப்பு வந்திருக்க வேண்டும். அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது.

சாயங்காலமானால் மட்டும் கால் சும்மா இருக்காது. பழைய நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்," என்று கிளம்பிவிடுவார். பஸ் நிற்கிற இடம் வரை போய், தன் பஸ் வந்து நின்று புறப்படுவதைப் பார்ப்பார். அப்புறம் இலக்கில்லாமல் சுற்றிவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வீடு திரும்புவார்.

கடைக்காரம்மா வந்து போன அன்றும் அப்படித்தான் கிளம்பினார். தெருமுனை தாண்டவில்லை, செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலுமாகத் திரும்பி வந்தார். மாடிப்படி பாதி ஏறியதும் நின்றுவிட்டார்.

எந்த வீட்டிலோ அமர்க்களமாக இருந்தது. தையல் மெஷின் தடதடத்தது. அதற்கு மேல் ஒரு சின்னப்பெண் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கணீரென்று வெண்கலக் குரல், மூன்று தெருவுக்குக் கேட்கும். இன்னொருத்தி மருந்துக்கடைக்கு வருகிறவர்களைப் போலப் பேசிக்காட்டினாள். "ஏம்மா, இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, சாப்பாட்டுக்குப் பதிலா போடணுமா?" உடனே ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு, மூச்சு வாங்க, அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

மருந்துக்கடையில் வேலை பார்ப்பது தன் பெரிய மகள் அல்லவா என்று அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அப்படியானால் படிக்கிறது சின்னவள். சிரிக்கிறது அவள் அம்மா. கூட வாழ்ந்தவளின் சிரிப்பை அவர் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார். தான் தினமும் படி இறங்கிய கையோடு இந்த வீடு இப்படித்தான் விழித்துக்கொண்டிருக்கிறது, இத்தனை வருஷமும். வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று நின்று பார்த்தார். இரண்டும் வரவில்லை. செருப்பை வாசலில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார்.

குழாயை மூடினாற்போலச் சத்தம் நின்றது. மெஷின் சக்கரத்தை மனைவி உள்ளங்கையால் பிடித்துவிட்டார். சின்னவள் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"என்னங்க, அதுக்குள்ள?" பழைய கிசுகிசுப்பு.

"செருப்பு அறுந்துடுச்சு." இவரும் கிசுகிசுப்பில்தான்.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். விருந்தாளி எழுந்து போகக் காத்திருப்பவர்கள் பார்க்கிற மாதிரி இருந்தது அவருக்கு. அவர்கள் ஒன்றும் அப்படி நினைக்கவில்லை, பாவம். தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனார். டம்ளர் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. எப்போதும் கைக்கு வந்துவிடுமே. மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினார். அடுக்கி வைத்திருந்த தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கடைசித் தட்டு தரையில் விழுந்து, விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி, அடங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் கத்திவிட்டுத்தான் படுத்தது.

மனைவி பதறி எழுந்தார். பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று பேர் கண்களும் ஒரே இடத்துக்குத்தான் போயின: மூடியிருந்த உள்ளறைக் கதவுக்கு. எழுந்துவிட்டாரோ என்ற அதே பயம். நைட்டுக்காரரும், தோளைக் குறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவைத்தான் திரும்பிப் பார்த்தார்.

சின்னவள் மட்டும் மெல்லப் போய்க் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"உள்ள யாரும் தூங்கலம்மா," என்றாள். "நீ தைக்கலாம்."

பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுபோனது. மனைவி மெஷின் பக்கம் போகாமல், அவரையே பார்த்தபடி நின்றார். நைட்டுக்காரர் கீழே கிடந்த தட்டுகளைத் தாண்டி வந்தார். குனிந்து மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த புதுப் போர்வையை உருவினார். அதற்கடியிலிருந்த பழைய கம்பளியையும் உருவினார். இரும்புக் கால் வெறுந்தரையில் ணங்கென்று இறங்கியது.

"காலைல அந்தக் கடைக்காரம்மாகிட்ட ஒத்துக்க," என்றார். "இப்ப ஓட்டு."

மனைவி உட்கார்ந்து காலை வைத்தார். கம்பளி இல்லாத மெஷின் போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தரை கிடுகிடுத்தது. உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியபோது அவருக்கு ஈர விரிப்பின் கனம் கையில் வந்தது, ஆவியின் சூடு முகத்தில் வந்தது, உருளைக்கு அந்தப் பக்கம் நெட்டையின் தலை தெரிந்தது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"வேலை போயிடுச்சு!" என்று கத்தினார். சலவைக்கூடத்துக் கத்தல். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். "எனக்கு வேலை போயிடுச்சு!"

சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணி, கண்ணிலிருந்து தாரை தாரையாக இறங்க ஆரம்பித்தது. பிள்ளைகள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டார்கள். மனைவி திரும்பவில்லை, துணி நேராகப் போக வேண்டுமே. காலையும் நிறுத்தவில்லை. தன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவரைவிடப் பெரிய குரலில் கத்தினார்.

"தெரியும்! அதுக்குத்தானே தைக்கிறேன்! அந்தக் கத்திரிக்கோல எடுங்க!"