பச்சையை வெட்டியவர்

பேருந்து நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவர் விசில்காரர். மூன்றாம் நடைமேடையின் ஓரத்தில் ஒரு தகரக் கூண்டு. உள்ளே ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் முடியும். ஒரு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு நீளப் பதிவேடு. பேருந்து வந்த நேரம், கிளம்பிய நேரம், தாமதம் என்றால் அதற்குக் காரணம். இருபத்தெட்டு வருஷமாக அவர் இதைத்தான் எழுதுகிறார். நாலு நிமிஷம் பிந்தி வந்த டிரைவர் கூண்டுப் பக்கம் தலைகாட்டாமல் நழுவப் பார்த்தால் விசில் பறக்கும்.

"என்ன காரணம்?"

"டிராபிக் சார்."

"டிராபிக் உனக்கு மட்டுமா? முன்னாடி போன வண்டி பறந்தா போச்சு?"

இப்படிப்பட்ட மனுஷன்தான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டார். ஊருக்கெல்லாம் கடிகாரம் பார்த்தவர் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

மனைவிக்கு வந்திருப்பது தீராத நோய் என்று தெரிந்தபோது, ஒரே மகள் வெளியூரில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. "இப்ப சொன்னா புள்ளைக்குப் படிப்பு ஓடாது. பரீட்சை முடியட்டும்" என்று அவராகவே முடிவெடுத்தார். மனைவியைக் கூடக் கேட்கவில்லை. டாக்டர் ஆறு மாதம் தாங்கலாம் என்று சொல்லியிருந்தார். தாங்கும் என்பதற்கும் தாங்கலாம் என்பதற்கும் உள்ள தூரம் அவருக்கு உறைக்கவில்லை. மகள் போன் செய்யும்போதெல்லாம், அம்மா குளிக்கப் போயிருக்கா, அம்மா இப்பதான் கண்ணசந்தா, அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

கட்டிலில் கிடந்த மனைவி கேட்பாள். "ஏங்க, பாப்பா எப்ப வருவா?"

"பரீட்சை முடிஞ்ச மறுநாளே வந்துருவா."

"எப்ப முடியுது?"

"வியாழக்கிழமை."

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். கடைசி இரண்டு பரீட்சையையும் விட்டுவிட்டு மகள் ஓடிவந்தாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நாடி பாக்கறேன்பா நான். எங்கம்மாவுக்கு ஒரு தடவை பாக்க விடலையே நீங்க."

அவ்வளவுதான். அதன் பிறகு பன்னிரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவள் அவரோடு பேசவில்லை. கிளம்புகிற அன்றைக்குக் காலையில்தான் வாயைத் திறந்தாள். அதுவும் செடியைப் பற்றி.

முன்னறை ஜன்னலோரத்தில் இருந்த அந்தச் செடி அம்மாவுடையது. இரண்டு இலையுள்ள தண்டுத் துண்டாக வாங்கிவந்து, தென்னை நார் சுற்றிய கம்பில் ஏற்றி, ஆள் மார்பு உயரத்துக்கு வளர்த்திருந்தாள். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கரும்பச்சையில் ரோஸ் நிறம் திட்டுத் திட்டாகத் தெறித்திருக்கும். சில இலை பாதிக்குப் பாதி, சிலது ஓரத்தில் மட்டும். எப்போதாவது ஒன்று முழுக்க ரோஸாக வரும். கணுவுக்குக் கணு வேர் விட்டு அது நாரைப் பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள் பிளாஸ்டிக்கா என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"பதினாலு இலை இருக்கு," என்றாள் மகள். எண்ணித்தான் சொன்னாள். "ஹாஸ்டல்ல வைக்க இடமில்ல. வேலை கிடைச்சு வீடு எடுத்ததும் வந்து எடுத்துக்கறேன். விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. வாரம் ஒருதரம் ஈரத்துணியால இலையைத் துடைங்க. ஞாயித்துக்கிழமை ஒரு போட்டோ அனுப்புங்க. அம்மாவோடதுன்னு எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

வந்து எடுத்துக்கறேன் என்றாளே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் தொங்கினார். செடி இருக்கிறவரைக்கும் மகள் ஒருநாள் இந்த வாசல்படி ஏறித்தானே ஆக வேண்டும்!

அவர் கையில் அது குரங்கு கைப் பூமாலை ஆகிவிடும் என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். ஆகவில்லை. பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, தண்ணீர் விட்ட தேதி, இலை துடைத்த தேதி, இலைக் கணக்கு எல்லாம் எழுதினார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் விரல் மண்ணுக்குள் போய்விடும். மனைவி இருந்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷர், இலையை அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தார். இதில் பத்தில் ஒரு பங்கு அவளுக்குச் செய்திருக்கலாமே என்ற நினைப்பு துடைக்கத் துடைக்க வரும். வந்தால் அழுவார். யாரும் பார்க்கப் போவதில்லை.

ஞாயிறுதோறும் போட்டோ போகும். மகளிடமிருந்து 'ம்' என்று ஒரே எழுத்து வரும். ஏழு மாதத்தில் அவருக்குக் கிடைத்த பேச்சு அந்த ஒரு எழுத்துதான். போன் செய்தால் எடுக்க மாட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுருண்டிருந்த புது இலை முழுக்க ரோஸ் நிறத்தில் விரிந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பினார். பதில் வந்தது. 'அழகா இருக்குப்பா.'

மறுநாள் டீக்கடைக்காரரிடம் அதைக் காட்டினார். "அழகா இருக்குப்பான்னு போட்டிருக்கா, பாருங்க."

"செடியைத்தானே சொல்லியிருக்கு, விசில்காரரே?"

"செடியைத்தான். ஆனா அப்பான்னு போட்டிருக்கா."

அன்றைக்குத் தாமதமாக வந்த மூன்று வண்டிக்கும் விசில் ஊதவில்லை. அடுத்து வந்த இலை முக்கால்வாசி பச்சை. அதற்கு 'ம்'. அதற்கடுத்ததும் பச்சை, மறுபடியும் 'ம்'. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை, ஆனால் ஏங்கிக் கிடக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் சாடை தெரியும். ரோஸ் வந்தால் மகள் பேசுகிறாள், பச்சை வந்தால் வாயை மூடிக்கொள்கிறாள் என்று அவர் கணக்குப் போட்டார்.

மனைவி ஒருமுறை ஒரு கிளையைக் கத்தரித்தது நினைவுக்கு வந்தது. "வெறும் பச்சையாவே வந்துட்டிருந்தா வெட்டிடணும்ங்க. விட்டா செடி முழுக்கப் பச்சையாயிடும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். அவர் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாதி காதில்தான் விழுந்தது. அவள் சொன்னது ரோஸே இல்லாமல் போன கிளையை. இவர் செய்தது என்னவென்றால், பச்சை கூடுதலாக இருந்த இலைகளை வாரத்துக்கு ஒன்றாகக் காம்போடு நறுக்கி எறிந்தார். முதல் இலையை வெட்டிய வாரம் பதில் இப்படி வந்தது. 'ரொம்ப அழகா இருக்கு. அம்மா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா.' அப்புறம் கத்தரியை யார் பிடுங்க முடியும்?

இரண்டரை மாதத்தில் செடியில் ஆறே ஆறு இலைகள் நின்றன. ஆறும் ரோஸ். வெயில் பட்டால் அறையே சிவந்தது. மகள் இரண்டு வரி, மூன்று வரி எழுதினாள். சாப்பிட்டீங்களா என்று கூட ஒருமுறை கேட்டாள். அந்த ஆறு இலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் தாம் மன்னிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

முதலில் இலை ஓரங்கள் பழுப்பேறின. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினார். இன்னும் பழுத்தது, குறைத்தார். ஜன்னலுக்கு இன்னும் அருகில் நகர்த்தினார். ரோஸ் இலைகள் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. புது இலை வரவில்லை. மூன்று இலை மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் போன மாதம் எடுத்த படம் ஒன்றைத் தேடி, பின்னால் தெரிந்த காலண்டரை வெட்டிவிட்டு அனுப்பினார். சரியாயிடும், சரியானதும் புதுசா எடுத்து அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டார். அதுவரைக்கும் புள்ளையை எதுக்குக் கலவரப்படுத்தணும்?

இதே மாதிரி முன்னால் எப்போது சொன்னோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அனுப்பினார். ஒன்றல்ல, ஐந்து ஞாயிறு.

ஆறாவது ஞாயிறு மகளே முந்திக்கொண்டாள். 'வேலை கிடைச்சிடுச்சு. வீடும் பாத்துட்டேன். ஜன்னல் பெருசு, செடிக்கு நல்லா இருக்கும். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கறேன். ரெண்டு நாள் தங்கறேன்பா.'

ரெண்டு நாள் தங்கறேன்பா. அவர் அதைப் படித்துவிட்டுச் செடியைப் பார்த்தார். கம்பும், கம்பில் ஒட்டிய ஒரு பழுப்புத் தண்டும், நுனியில் தொங்கிய ஒரே இலையும் இருந்தன.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் கையில் மண்ணோடு வந்து தண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. தொட்டியைக் கவிழ்த்தார். வேர் கூழாக இருந்தது.

"பச்சை இலையெல்லாம் எங்க சார்?"

"வெட்டிட்டேன்."

"யாரு வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரோஸ்தான் அழகுன்னு..."

நர்சரிக்காரர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரோஸ் இலை சமைக்காது சார். சும்மா உக்காந்து சாப்பிடற கூட்டம் அது. வெயிலை வாங்கி உலை வைக்கறது பச்சைதான். நீங்க சமையக்காரங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, பந்தியில உக்காந்தவங்களை மட்டும் வச்சிருந்திருக்கீங்க. கையிருப்பு இருந்தவரைக்கும் சாப்பிட்டிருக்கு. அப்புறம் பட்டினி. பட்டினி கிடக்கற வேருல தண்ணிய ஊத்தியிருக்கீங்க, அழுகிடுச்சு."

"ஒரு கணு கூடவா தேறாது?"

நர்சரிக்காரர் கத்தியால் ஒவ்வொரு கணுவாக நறுக்கிக் காட்டினார். கம்பின் அடியிலிருந்து நுனிவரை உள்ளே எல்லாம் பழுப்பு. "நாலு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா மேல்துண்டை எடுத்துப் பிழைக்க வச்சிருப்பேன்" என்றார்.

நாலு வாரத்துக்கு முன்னால் அவர் காலண்டரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதே ரகம் எங்கிட்ட ஒண்ணு நிக்குது சார். இதே உயரம். வேணும்னா எடுத்துக்குங்க." நர்சரிக்காரர் பந்தலுக்குள்ளிருந்து அதைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தார். பச்சையும் ரோஸுமாகக் கொழுகொழுவென்று இருந்தது. அம்மாவின் தொட்டியில் மாற்றி வைத்தால் அந்த ஜன்னலோரத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மகள் வருவாள், பார்ப்பாள், இரண்டு நாள் தங்குவாள். அவருடைய கை சட்டைப்பை வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மா குளிக்கப் போயிருக்கா என்று சொன்ன தம் குரலே அவருக்குக் கேட்டது. கட்டிலிலிருந்து மனைவி அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல். அவர் செடியைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்து வெறும் கம்பைப் படம் எடுத்தார். நாலு தடவை எழுதி அழித்துவிட்டு ஐந்தாவது தடவை அனுப்பினார். 'பாப்பா, அம்மா செடி செத்துப் போச்சு. ரோஸா இருக்கணும்னு பச்சை இலையெல்லாம் நான்தான் வெட்டினேன். அஞ்சு வாரமா அனுப்பினது பழைய போட்டோ. நீ வந்து பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்றேன். மன்னிச்சிரும்மா.'

ஆறு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி கூட இருந்தது, பாவம்.

நாற்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

'இதையும் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்றீங்க.'

அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. 'நான் வரல.'

இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர்களிடம் காரணம் கேட்டு வாங்கியவர். டயர் பஞ்சர், மழை, கூட்டம், ரயில்வே கேட் சாத்திவிட்டார்கள், எத்தனையோ காரணம் அவருக்கு மனப்பாடம். எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகளுக்காகத் துவைத்து வைத்திருந்த போர்வையை மடித்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஜன்னலோரம் போனார். காலித் தொட்டியைத் துடைத்து வைத்திருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பினார். காலண்டரை வெட்டவில்லை. 'இன்னிக்கு இப்படி இருக்கு பாப்பா' என்று கீழே எழுதினார்.

மகள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார், 'ம்' கூட வரவில்லை. அடுத்த ஞாயிறும் அனுப்பினார்.