கை பட்டதா

எக்வாரு பில்லியர்ட்ஸ் கோலைப் பிடிப்பதில்லை, கட்டிக்கொள்வான். பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, அவன் வலது உள்ளங்கையோடு கோலைச் சேர்த்துச் சுற்றிவிடுவது கடைக்கார அசெகென்யே அக்கா. சொரோட்டிச் சாலையோரத்தில் கேழ்வரகுக் கள் விற்பவள். கடைக்கு முன்னால் தகரக் கொட்டகையில் மேசை கிடந்தது.

மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரியின் உச்சியிலிருந்து விழுந்தபோது அவனுக்குக் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. தோள் பிழைத்தது, மணிக்கட்டு பாதி பிழைத்தது. விரல்கள் மடங்கியே கிடந்தன. சக்கர நாற்காலியை மேசையோரம் பக்கவாட்டில் நிறுத்தி, மடங்கிய இடது கையைத் துணிமேல் வைத்து, கணுக்களின் பள்ளத்தில் கோலை ஓட்டுவான். குனிந்தால் தானாக நிமிர வராது. நாற்காலிக் கைப்பிடியில் மணிக்கட்டைக் கோத்து இழுத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பழகிவிட்டான். பழகாதது ஒன்று: சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சி இல்லை. தேநீர்க் குவளையில் கை சாய்ந்திருந்ததை ஒருமுறை கொப்புளம் வந்த பிறகுதான் கண்டான்.

ஈஸ்டருக்குக் கூமி ஊர்க்காரர்களோடு ஆட்டம். அணியில் ஒரே இடம் பாக்கி. எக்வாருவுக்கும் பைக் டாக்சி ஓட்டும் ஒப்போலோட்டுக்கும் அதற்குத்தான் போட்டி.

"ஒப்போலோட்டு, தோத்தா கூமிக்கு அவனை உன் பைக்குலதான் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் அசெகென்யே.

"வாடகைய யாரு குடுப்பாங்க அக்கா?"

"தோத்தவனுக்கு வாடகை வேறயா?"

கடைசியில் எக்வாருவுக்குக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். வெள்ளைப் பந்தை ஒட்டினாற்போல் ஒப்போலோட்டின் மஞ்சள் பந்து. கை வைக்க இடம் குறைவு. எக்வாரு கையைச் செருகி, தோளால் தள்ளினான். கறுப்பு குழிக்குள் விழுந்தது. கூட்டம் மேசையைத் தட்டியது.

ஒப்போலோட்டு மட்டும் தட்டவில்லை. அவன் நின்றது மஞ்சள் பந்துப் பக்கம்.

"கை பட்டுச்சா?" என்று கேட்டான் எக்வாரு.

"படலப்பா, நீ ஜெயிச்சிட்ட," என்றாள் அசெகென்யே. ஆனால் அவள் நின்றது எதிர்ப்பக்கம்.

"நீ சொல்லுடா," என்றான் எக்வாரு ஒப்போலோட்டிடம்.

ஒப்போலோட்டு மஞ்சள் பந்தைக் காட்டினான். "பட்டுச்சு. மஞ்சள் லேசா அசைஞ்சுது."

"வெக்கமா இல்ல உனக்கு?" யாரோ கத்தினார்கள். "அவன்கிட்டயா இப்படி ஜெயிக்கணும்?"

வேறு பந்தில் கை பட்டுக் கறுப்பு விழுந்தால் ஆட்டம் போச்சு. எக்வாரு தன் கையைப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லவில்லை. இவன் பொய் சொல்கிறானோ? இடம் வேண்டியவன்தானே? ஆனால் மற்றவர்கள் பார்க்காமலே, கை படவில்லை என்கிறார்கள். தன் கை செய்ததை இன்னொருவன் வாயிலிருந்து கேட்க வேண்டுமென்றால், யார் வாயை நம்புவது? கூச்சலுக்கு நடுவிலும் சொன்னதை மாற்றாமல் நிற்கிறவனைத்தான் நம்ப முடிந்தது.

"ஆட்டம் உன்னோடது," என்றான். "பட்டப்பவே சொல்ல வேண்டியதுதானே? ஏன் நான் கேக்கற வரைக்கும் நின்ன?"

"போனாப் போகுது, நீயே ஜெயிச்சுக்கோன்னு தோணுச்சு."

தோற்றதைவிட இதுதான் சுருக்கென்றது.

"இன்னொரு ஆட்டம் வச்சுக்கலாமா?" என்றான் ஒப்போலோட்டு.

"வேணாம். இந்தத் தடவ கண்ண மூடிக்குவ. கூமிக்கு நீ போ." மணிக்கட்டைக் கோத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "இனிமே என்கூட ஆடும்போது அப்படி எதுவும் உனக்குத் தோணக் கூடாது."

ஒப்போலோட்டு தலையாட்டினான். எக்வாரு நாற்காலியைத் திருப்பி, கையை அவிழ்த்துவிடச் சொல்லி அசெகென்யேயிடம் நீட்டினான்.