மஞ்சள் வைத்த வேட்டி

என் அலமாரியின் அடித்தட்டில் ஓர் எட்டு முழ வேட்டி கிடக்கிறது. யாரும் கட்டாதது. மூலையில் மஞ்சள் கறை. காஜா பெராங்கில் இருந்த எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது மற்ற சாமான்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இதை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அது அத்தை, அப்பாவின் தங்கை, வாங்கியது. அவள் கணவர், என் மாமா, ஜப்பான்காரன் வந்த சமயத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு லோரி ஓட்டினார். மூவாருக்கு அப்பால் பக்ரி சாலையில் சண்டை நடந்தபோது போனவர் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. அத்தை பொட்டை அழிக்கவில்லை. அழி என்று சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறுவருடம், போரில் செத்தவர்கள் பெயரைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லில் வெட்டி வைத்திருப்பதாக அப்பா கேள்விப்பட்டு வந்தார். பெயர் இருந்தால் அங்கேயே வேட்டியைப் படைத்துவிட்டுத் தாலியைக் கழற்றிவிடுவதாக அத்தையே சொன்னாள். உயிரோடிருப்பவர் கட்டும் புதுத்துணிக்குத்தான் எங்கள் வீட்டில் மூலையில் மஞ்சள் வைப்போம். செத்தவருக்குப் படைப்பதற்கு வைக்கமாட்டோம். அதனால் வேட்டியை வெள்ளையாகவே மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். முந்தானையில் ஒரு துண்டு மஞ்சளையும் முடிந்திருந்தாள்.

பக்ரி சாலையில் அப்பா காரை நிறுத்தினார். ரப்பர் மரங்கள், ஒரு மதகு, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள். சண்டை நடந்த இடம் என்று சொன்னால்தான் தெரியும். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அத்தை காரை விட்டு இறங்கவேயில்லை.

கிராஞ்சியில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொளுத்துகிற வெயிலில் சுவர் சுவராக விரல் வைத்துப் படித்தேன். மாமா பெயர் இல்லை. அங்கே காவலுக்கு இருந்த தமிழர், பட்டாளத்தில் பதிந்தவர் பெயரைத்தான் வெட்டுவார்கள் என்றார்.

"இவ்வளவு பேரையும் லோரியில ஏத்திட்டுப் போனவங்க பேரு எங்கங்கய்யா?" என்று அத்தை கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது மூவார் படகுத்துறையில் காத்திருந்தோம். அத்தை மஞ்சளைத் தண்ணீரில் நனைத்து வேட்டியின் மூலையில் தேய்த்தாள்.

"பேரு இல்லையே. அப்ப சாகலன்னுதானேண்ணே?"

படகு வந்ததும் அப்பா காரை அதில் ஏற்றினார்.

பல வருடம் கழித்து அத்தை இறந்தபோது பொட்டோடும் தாலியோடும்தான் அனுப்பினோம். மாமா இருந்தால் இன்று நூறைத் தாண்டியிருப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் படைத்துவிடலாம் என்று போன மாதம் வேட்டியை எடுத்து விரித்தேன். மூலையில் மஞ்சள் இருந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.